வெளிநாட்டில் சொந்தத் தொழில்: ‘ஃப்ரீ விசா’ என்று ஒன்று உண்டா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பும் தவணையும் வசூலாகி, தீர்மான நோட்டை மூடப் போகிற நேரத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து 80,000 ரூபாய் கடன் கேட்டார். வயது 28. எட்டாவது வரை படித்தவர். தையலில் கெட்டிக்காரர். அவர் தைத்த ரவிக்கையை யாரும் பிரித்துத் தைக்கக் கொண்டு வந்ததில்லை.

“துபாய் போகப் போறேன்க்கா. வீட்டு வேலைக்கு இல்ல, ஃப்ரீ விசாவாம். யார்கிட்டயும் கைகட்டி நிக்க வேண்டாம், ரூம் எடுத்து மெஷின் போட்டுத் தச்சுக்கலாம்னு ஏஜென்ட் சொல்றாரு. மாசம் 40,000 நிக்குமாம்” என்றார்.

பாதிப் பேர் “பாவம், கொடுக்கலாம்” என்றார்கள். மீதிப் பேர் “ஜாமீன் யாரு?” என்றார்கள். அது என்ன விசா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அன்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தோம். விசாரித்துத் தெரிந்துகொண்டதை இந்தப் பாடமாக எழுதுகிறேன்.

நம் ஊரில் ஒரு பெண் வாசலில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தால் அன்றைக்கே தொழில் தொடங்கியாகிவிட்டது. பூக்கட்டுவதும் அப்படித்தான், இட்லிக்கடையும் அப்படித்தான். ஒரே முதலாளியிடம் சம்பளத்துக்கு நிற்காமல், வருகிற வேலையை எடுத்துச் செய்து, வேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவதை இப்போது ‘ஃப்ரீலான்ஸ்’ என்கிறார்கள். நமக்கு அது புதிதல்ல, பேர்தான் புதிது. இங்கே யாரிடமும் கேட்காமல் செய்கிற இந்தக் காரியம், விமானம் ஏறிவிட்டால் தனி அனுமதி வேண்டிய காரியமாகிவிடுகிறது. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் ஒரு முதலாளியோ கம்பெனியோ பொறுப்பேற்றுத்தான் விசா எடுக்கிறது. அந்த முதலாளியை ‘கஃபீல்’ என்பார்கள். விசாவில் அவர் பெயரும் உங்கள் வேலையும் இருக்கும். வீட்டுப் பணிப்பெண் என்று இருந்தால் அந்த வீட்டில்தான் வேலை. வேறு இடத்தில் செய்ய அரசின் அனுமதி வேண்டும். முதலாளி வாயால் “போய்க்கோ” என்று சொன்னால் போதாது.

‘ஃப்ரீ விசா’ என்ற பெயரில் அந்த நாட்டுச் சட்டத்தில் எந்த விசாவும் கிடையாது. அது ஏஜென்ட்டுகள் வைத்த பேர். நடப்பது இதுதான். அங்கே ஒருவர் தன் பேரில் வேலைக்காரி விசாவோ டெய்லர் விசாவோ எடுத்து ஏஜென்ட்டுக்கு விற்கிறார். ஏஜென்ட் நமக்கு விற்கிறார். போய் இறங்கியதும் “வெளியில் வேலை தேடிக்கொள், எனக்கு மாதாமாதம் இவ்வளவு கொடு” என்று கஃபீல் சொல்கிறார். அடையாள அட்டையைப் புதுப்பிப்பதும் அவர் கையில்தான். அவரோடு மனத்தாங்கல் வந்தால், “என் ஆள் ஓடிவிட்டாள்” என்று ஒரு புகார் கொடுப்பார். அத்தோடு அங்கே இருப்பதே குற்றமாகிவிடும். பிடித்தால் காவல், பிறகு நாடு கடத்தல்.

கைகட்டி நிற்க வேண்டாம் என்றாரே அந்தச் சகோதரி! சம்பளம் கொடுக்கிற முதலாளியிடம் நிற்பதற்குப் பதில், மாதாமாதம் நாமே சம்பளம் கொடுக்கிற முதலாளியிடம் நிற்கிறோம். வேறொன்றுமில்லை.

தைத்துக் கொடுத்த துணிக்குக் கூலி தராமல் ஒருவர் ஏமாற்றினால் எங்கே போய்ச் சொல்வது? போலீசுக்குப் போனால், “நீ வீட்டு வேலைக்குத்தானே வந்தாய், தையல் எங்கிருந்து வந்தது?” என்பதுதான் முதல் கேள்வி.

இப்படிப் போய் நன்றாகச் சம்பாதித்து, வீடு கட்டித் தங்கச்சி கல்யாணத்தையும் முடித்தவர்கள் இருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஊரில் அவர்கள் கதைதான் பேசப்படும். 2013இல் சவுதி அரேபியாவில் நடந்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சொந்த கஃபீலிடம் இல்லாமல் வெளியில் வேலை செய்கிறவர்கள் காகிதத்தைச் சரி செய்யுங்கள், இல்லையென்றால் ஊர் திரும்புங்கள் என்று அந்த அரசு கெடு வைத்தது. நவம்பர் 3 அன்று கெடு முடிந்ததும் தெருத்தெருவாகச் சோதனை. அந்த ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் திரும்பி வந்தார்கள். ஃப்ரீ விசாவுக்கு வாங்கிய கடனை அடைக்காமல் வந்தவர்கள் அதில் எத்தனை பேரோ.

“சிங்கப்பூர் போனா பிரச்சினை இல்லையே” என்று ஒரு குழுவில் கேட்டார்கள். அங்கே கட்டுப்பாடு இன்னும் அதிகம். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் சொந்தத் தொழில் செய்யவே கூடாது என்பது பெர்மிட்டின் நிபந்தனை. அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் மட்டுமே நம் பணத்தில் 12 லட்சத்துக்கு மேல். 2025இல் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணிப்பெண் ஒருவருக்கு, ஓய்வு நேரத்தில் வேறு வீடுகளைச் சுத்தம் செய்து கொடுத்ததற்காக 13,000 டாலர் அபராதம் விதித்தார்கள். வேலை கொடுத்தவருக்கும் அபராதம் விழுந்தது. இத்தனைக்கும் அவர் திருடவில்லை, கூட்டிப் பெருக்கினார், அவ்வளவுதான்.

அப்படியானால் முறையாகச் சொந்தத் தொழில் செய்ய வழியே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது நமக்காகப் போட்ட வழி இல்லை. துபாய் சேர்ந்த ஐக்கிய அரபு அமீரகத்தில், 2022இல் ‘கிரீன் விசா’ என்று ஒன்று வந்தது. முதலாளி இல்லாமலே 5 ஆண்டு இருந்து தொழில் செய்யலாம். அதற்கு அரசின் ஃப்ரீலான்ஸ் பெர்மிட் வேண்டும். பட்டப்படிப்போ அதற்கான டிப்ளமாவோ வேண்டும். முந்தைய 2 ஆண்டுகளில் சொந்தத் தொழிலில் ஆண்டுக்கு 3,60,000 திர்ஹாம் வருமானம் காட்ட வேண்டும். நம் பணத்தில் 80 லட்சத்துக்கு மேல். இதைக் கூட்டத்தில் படித்துக் காட்டினால் சிரிப்பீர்கள். ஆனால் ஏஜென்ட்டுகள் “கவர்மென்ட்டே ஃப்ரீலான்ஸ் விசா கொடுக்குது, பேப்பர்ல வந்திருக்கு” என்று காட்டுவது இந்த விசாவைத்தான். காட்டுவது அது, கையில் கொடுப்பது வேறு.

இனி நம் பக்கத்துச் சட்டம். 10ஆம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ‘இ.சி.ஆர்.’ என்று அச்சிட்டிருக்கும். இவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். 2016 முதல் இப்படிப்பட்ட பெண்களைத் தனியார் ஏஜென்ட் அனுப்ப முடியாது, அரசு நிறுவனங்கள் மூலம்தான் போகலாம். தமிழ்நாட்டில் 1978இலிருந்து இருக்கிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அதற்கானது. சென்னையில் இருக்கிறது.

முறையாக அனுமதி வாங்கிப் போகிறவருக்கு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்ற இன்சூரன்ஸ் உண்டு. 2 ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம். இந்த அனுமதிக்கு முதலாளியின் பேரும் சம்பளம் எழுதிய ஒப்பந்தமும் வேண்டும். ஃப்ரீ விசாவில் காட்ட முதலாளி ஏது? அதனால்தான் ஏஜென்ட் “இப்போதைக்கு விசிட் விசாவில் போ, அங்கே மாத்திக்கலாம்” என்கிறார். ஏர்போர்ட்டில் கேட்டால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லச் சொல்வார்கள். அந்த ஒரு பொய்யோடு இன்சூரன்ஸ் உட்பட நம் அரசு கொடுக்கிற பாதுகாப்பு எல்லாம் போய்விடுகிறது.

தம்பியோ மகனோ போவதானாலும் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக் கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு ரசீது தர வேண்டும்.

அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, விசாவில் முதலாளி பேர் என்ன, என்ன வேலை என்று போட்டிருக்கிறது என்று கேட்கச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டார். “நம்பிக்கை இல்லேன்னா விடும்மா, இன்னும் பத்துப் பேர் லைன்ல நிக்கிறாங்க” என்று கட் செய்துவிட்டார் ஏஜென்ட்.

கோபம் அவருக்கு என்மேல்தான் வந்தது. “அரசாங்கம் மூலமாப் போகணும்னா எனக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. அதுவரைக்கும் கந்துக்காரன் காத்திருப்பானாக்கா?” என்றார். அப்போதுதான் தெரிந்தது, அவர் துபாய்க்குப் போக நினைத்ததே வெளியில் வாங்கிய 60,000 கடனுக்காக என்று. அதைக் குழுவில் சொல்ல வெட்கப்பட்டு ஓராண்டாக மறைத்திருக்கிறார். வாரம் 1,500 வட்டி கட்டுகிறார். நம் குழு வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது குழுவின் முன்னால் இருப்பது வேறு கேள்வி. விசாவுக்கு 80,000 கொடுப்பதா என்பதல்ல, அந்த 60,000-ஐ அடைத்து, தையலிலிருந்தே தவணை கட்டும்படி கொடுக்க முடியுமா என்பது. சிலர் “மறைச்சவளுக்கு எப்படிக் கொடுக்கிறது?” என்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. வரும் 2ஆம் சனிக்கிழமை கூட்டத்தில் பேசி முடிவெடுப்பார்கள்.

மற்ற குழுக்கள் இந்தப் பாடத்தைப் படிக்கிற அன்று, வீட்டில் இருக்கிற பாஸ்போர்ட்டுகளை எடுத்து வாருங்கள். கடைசிப் பக்கங்களில் இ.சி.ஆர். என்று இருக்கிறதா என்று எல்லோரும் சேர்ந்து பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து இப்போது வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் யார் யார், விசாவில் என்ன வேலை எழுதியிருக்கிறது, செய்வது என்ன வேலை என்று தெரிந்தவரை ஒரு தாளில் எழுதி ஊக்குநரிடம் கொடுங்கள். பேர் எழுத விருப்பமில்லை என்றால் எழுத வேண்டாம்.