காற்று இழுக்கும் குழாய்
இரும்புக் குழாய்களை வெட்டுதல், மரை போடுதல், பொருத்துதல்

மனிக் பாம் முகாமிலிருந்து 2010ஆம் ஆண்டு கிளிநொச்சிப் பக்கம் தமது காணிக்குத் திரும்பிய ஒரு குடும்பம். அடுத்த ஆண்டு கால் ஏக்கரில் மிளகாய் நட்டிருந்தார்கள். கிணற்றிலே தண்ணீர் இருந்தது. கடனுக்கு எடுத்த மண்ணெண்ணெய் மிசினும் இருந்தது. இடம்பெயர முன்னர் கிணற்றில் விட்டுச்சென்ற ஒன்றரை அங்குல இரும்புக் குழாயை வெளியே எடுத்து, மிசினில் பூட்டி இறைத்தார்கள். தண்ணீர் ஐந்து நிமிடம் வரும், பிறகு நின்றுவிடும். மறுபடி தண்ணீர் வார்த்து இழுத்தால் மறுபடி ஐந்து நிமிடம். பார்த்த திருத்துநர் மிசின் தேய்ந்துவிட்டது, வேறு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரர் மனைவியின் சங்கிலியை அடகு வைக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

நாம் அங்கே போன வேளையில் அந்த அம்மா ஒரு விடயம் சொன்னார். "அண்ணை, தண்ணி நிக்கிறதுக்கு முன்னம் சோடா மாதிரி நுரைச்சு நுரைச்சு வருது." பிழை எங்கே என்பதை அவரே கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். அது மிசினின் பிழை அல்ல. இரண்டு குழாய்களைத் தொடுக்கும் ஒரு சொக்கற்றில் மரை கறள் தின்று, மயிரிழை அளவு வழி விழுந்திருந்தது. அந்த முனையை மூன்று அங்குலம் வெட்டி எறிந்து புதிய மரை போட்டோம். சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

இப்படியான பிழை பலருக்கும் வருவதால் இந்தப் பாடத்தை இரும்புக் குழாய்க்கே ஒதுக்குகிறோம். இன்று பி.வி.சி. குழாய் மலிவாகக் கிடைக்கிறது. வாய்க்காலுக்குப் பதிலாக நிலத்தின் கீழே தாழ்ப்பதற்கு அதுவே நல்லது. ஆனால் மிசின் அதிரும் இடத்திலும், மாடு மிதிக்கும் இடத்திலும், குப்பை எரிக்கும் இடத்திலும், கைப்பம்பியின் உள்ளேயும் இன்னும் இரும்புதான் தாங்கும். திரும்பி வருகிற குடும்பங்களுக்குப் பழைய காணியில் மிஞ்சிக் கிடப்பதும் பெரும்பாலும் இரும்புக் குழாய்தான்.

ஒழுகாத ஓட்டை

மிசின் தண்ணீரை இழுக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது செய்வது குழாயின் உள்ளே இருக்கும் காற்றை அகற்றுவது மட்டுமே. வெளியே உள்ள வளிமண்டலம் கிணற்று நீரை அழுத்தி, வெறுமையான குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. இந்தத் தள்ளல் கணக்குப்படி 34 அடிக்கு மேல் போகாது. நடைமுறையில் 22 முதல் 25 அடி வரைதான் நம்பலாம்.

ஆகவே கிணற்றிலிருந்து மிசினுக்கு வரும் உறிஞ்சு குழாயில், வெளியே உள்ள அழுத்தம் உள்ளே உள்ளதைவிடக் கூடியது. அங்கே ஓர் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும். தோட்டத்துக்குப் போகும் பக்கக் குழாய் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், நட்டமும் நாலு வாளி தண்ணீர்தான். உறிஞ்சு குழாயில் உள்ள ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. முழு இறைப்பும் நின்றுவிடும். மண்ணெண்ணெய் வீணாக எரியும். பழி மிசின்மீது விழும்.

கடையில் கேட்கவேண்டியவை

கடையில் ஜீ.ஐ. பைப் என்பது உருக்கினாற் செய்து, உள்ளும் புறமும் நாகம் பூசிய குழாய். நாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. குழாயின்மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பயப்பட வேண்டாம், நாகம் தன் வேலையைச் செய்கிறது. செந்நிறக் கறள் தெரிந்தால் நாகம் முடிந்துவிட்டது என்று பொருள்.

ஒரு நீளம் ஏறத்தாழ 20 அடி. புதிய குழாயில் நீலப் பட்டை இருந்தால் நடுத்தரத் தடிப்பு, சிவப்புப் பட்டை இருந்தால் கனத்த தடிப்பு. இதைவிட மெல்லிய குழாயும் விற்பார்கள். அதில் மரை வெட்டிய பின் மிஞ்சும் சுவர் காகிதம் போல இருக்கும். உறிஞ்சு குழாய்க்கு அதை வாங்கவேண்டாம்.

குழாயின் அளவு உள்வாயைக் குறிக்கும் பெயர் மட்டுமே. அளவுகோலை வெளியே வைத்துப் பார்த்துக் குழம்பவேண்டாம். ஓர் அங்குலக் குழாயின் வெளி விட்டம் 33.7 மில்லிமீற்றர், அரை அங்குலத்தினது 21.3, இரண்டு அங்குலத்தினது 60.3. சந்தேகம் என்றால் பழைய சொக்கற் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். எந்த அளவுகோலையும்விட அதுவே நல்லது.

மரையையும் கவனியுங்கள். எமது நாட்டில் வழங்குவது பிரித்தானிய மரை. அரை, முக்கால் அங்குலக் குழாய்களில் ஓர் அங்குல நீளத்துக்கு 14 மரை, ஓர் அங்குலமும் அதற்கு மேலும் 11 மரை. அமெரிக்க மரை வேறு. அரை, முக்கால் அங்குலத்தில் அதற்கும் 14 தான். ஆகையால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஏறும், இறுகுவது போலவும் இருக்கும். ஆனால் மரைப்பள்ளத்தின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60 பாகை. ஆகவே சரியாகப் படியாது. வெளிநாட்டு உதவியாகக் கிடைத்த பம்பியில் எவ்வளவு சணல் சுற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை என்றால் இதை நினைத்துப் பாருங்கள்.

இரு முனையிலும் மரை போட்ட சிறு துண்டை பரல் நிப்பிள் என்பார்கள். பரல் என்பது ஆங்கிலத்திலே துப்பாக்கிக் குழலுக்கும் பெயர். இங்கிலாந்தில் விளக்கு வாயு கொண்டுசெல்லப் போதிய குழாய் இல்லாத காலத்தில், நெப்போலியன் போர்கள் 1815இல் முடிந்தபின் மிஞ்சிய துப்பாக்கிக் குழல்களைத் தொடுத்துப் பயன்படுத்தினார்கள் என்று இத்தொழிலில் சொல்வதுண்டு. போர் முடிந்த நாட்டிலே இதைக் கேட்க ஒரு நிறைவு உண்டு.

பழைய குழாயைத் தோண்டும் முன்

இதை வாசிக்காமல் அடுத்த பகுதிக்குப் போகவேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடித்துக் கையளிக்கப்படாத காணியில், புதைந்த குழாயைத் தேடி மண்வெட்டி போடக்கூடாது. கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். துப்புரவான காணியிலும் கிணற்றுக்குள்ளும் பற்றைக்குள்ளும் வெடிபொருள் கிடந்ததுண்டு. இரு முனையும் அடைபட்ட, ஒரு முனை கூம்பிய, செட்டை போன்ற தகடு உள்ள உருளை எதுவும் குழாய் அல்ல. அதைத் தட்டிப் பார்க்காதீர்கள், வாளால் அறுக்காதீர்கள், பழைய இரும்புக்கென்று பிள்ளைகள் எடுக்க விடாதீர்கள். இடத்தில் ஓர் அடையாளம் வைத்து விலகி, உரியவர்களுக்கு அறிவியுங்கள்.

குழாய்தான் என்று உறுதியானபின், ஒரு முனையை வெளிச்சத்துக்குப் பிடித்து மறுமுனையால் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நீர் ஓடிய குழாய் என்றால் உள்ளே வெள்ளைப் படிவு கட்டி வாய் சுருங்கியிருக்கும். உவர் நீர் பட்டது என்றால் குழிகுழியாக அரித்திருக்கும். பிறகு நீளவாட்டில் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல குழாய் மணி போலச் சத்தம் தரும். அரித்த இடம் தகரம் போல மந்தமாக ஒலிக்கும். முதலில் கெடுவது மரை உள்ள முனைகள்தான், ஏனெனில் மரை வெட்டும்போதே அங்கிருந்த நாகம் போய்விடுகிறது. நடுப்பகுதி நல்லது என்றால் முனைகளை வெட்டி எறிந்துவிட்டு மீதியை எடுக்கலாம். நடுவிலும் மந்தமாக ஒலித்தால் அதை வேலிக் கம்பமாக நடுங்கள்.

வெட்டுதலும் மரை போடுதலும்

குழாயை அசையாமல் பிடிக்கும் வைஸ் வேண்டும். காலால் மிதித்துக்கொண்டு அறுத்தால் முனை கோணும், கோணிய முனையில் மரையும் கோணும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள வாள் அலகு பொருத்தமானது. அறுத்தபின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறை அரைவட்ட அரத்தால் ராவி எடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. அந்தப் பிசிறில் இலையும் பாசியும் சிக்கிக் குழாய் மெல்ல அடைபடுகிறது.

மரை வெட்டும் டையை முனையில் நேராக வைத்து, முதல் இரண்டு சுற்றுக்கு உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு திருப்புங்கள். பல் கடித்தபின் தானே ஏறும். அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே எனத் திருப்பினால் சீவல் முறிந்து விழும். ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணெய் விடுங்கள். குடிநீர்க் குழாய் என்றால் தேங்காய் எண்ணெய் போதும். கழிவு எஞ்சின் எண்ணெய் வேண்டாம். குழாயின் முனை டையின் முகத்தோடு மட்டமாக வந்ததும் நிறுத்துங்கள். ஓர் அங்குலக் குழாயில் இது ஏறத்தாழ முக்கால் அங்குல நீளம். இன்னும் கொஞ்சம் போட்டால் நல்லது என்று நினைப்பது பிழை. இந்த மரை முனைப்பக்கம் ஒடுங்கிக் கூம்பாக இருப்பதனாற்றான் இறுகுகிறது. கூட வெட்டினால் கூம்பு போய், சொக்கற் கடைசி வரை தளர்வாக ஓடும்.

டை விலையான பொருள். ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையில்லை. ஒரு கிராமத்துச் சங்கத்துக்கு ஒன்று போதும்.

பொருத்துதல்

மரை மட்டும் தண்ணீரை அடைக்காது. பள்ளங்களை நிரப்ப ஒரு பொருள் வேண்டும். சணல் மலிவு, பழைய மரைக்கும் நல்லது. மரையை வாள் அலகால் லேசாகச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, குழாய் முனை உங்களைப் பார்க்க, மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகச் சுற்றி, மேலே குழாய்ப் பசை பூசுங்கள். முன்னைய காலத்தில் சணலோடு சிவப்பு ஈயம் பூசினார்கள். ஈயம் நஞ்சு, குடிநீர்க் குழாயில் அதைச் செய்யக்கூடாது. வெள்ளை நாடா என்றால் அதே பக்கமாக மூன்று நான்கு சுற்று, இழுத்துப் பிடித்தபடி.

முதலில் கையால் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். பிறகு இரண்டு பைப் றென்ச் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருக்க. ஒன்றை மட்டும் கொண்டு திருக்கினால் அந்த விசை அடுத்த பொருத்துகளைத் தளர்த்தும். இரண்டு மூன்று மரை வெளியே தெரியும்போது நிறுத்துங்கள். நாடா சுற்றிய பொருத்தை இறுக்கியபின், எல்போவின் முகம் சரியில்லை என்று பின்னோக்கித் திருப்பக்கூடாது. திருப்பினால் முழுவதும் கழற்றி, துடைத்து, புதிதாகச் சுற்றவேண்டும். வெளியே தெரியும் மரைக்கு ஒரு பூச்சுப் பெயின்ற் அடியுங்கள்.

எல்லா மரையும் வலப்பக்க மரை ஆதலால், பூட்டிய வரிசையின் நடுவில் உள்ள குழாயைக் கழற்ற முடியாது; ஒரு முனை தளர மறுமுனை இறுகும். அதற்காகத்தான் யூனியன். மிசினுக்கு அருகே ஒன்று கட்டாயம் வையுங்கள். அதன் வளையம் கெட்டால் சைக்கிள் ரியூப்பில் வெட்டிப் போடலாம். இரும்பையும் பி.வி.சி.யையும் தொடுக்கும்போது, பி.வி.சி.யின் வெளிமரை இரும்பின் உள்ளே போகவேண்டும். மாறிச் செய்தால் இரும்பு பி.வி.சி.யைப் பிளந்துவிடும்.

ஒட்டுக்கடையில் குழாயை ஒட்டித் தருவார்கள். நாகம் பூசிய குழாயில் அது நல்லதல்ல. ஒட்டும் வெப்பத்தில் நாகம் எரிந்து, அந்த இடம் முதலில் கறள் பிடிக்கும். எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்று மாலை குளிர்காய்ச்சல் வரும். வேறு வழியில்லை என்றால் வெளியில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்யச் சொல்லுங்கள்.

சோதித்தல்

கிணற்றில் இறக்க முன், அடியில் புட் வால்வைப் பூட்டி, குழாயை நிமிர்த்திக் கட்டி, வாய் வரை தண்ணீர் நிரப்பி அரை மணித்தியாலம் விடுங்கள். மட்டம் இறங்காவிட்டால் நல்லது. இறங்கினால் பொருத்துகளைப் பாருங்கள். அவை உலர்ந்திருந்தால் பிழை புட் வால்வில். ஏற்கனவே பூட்டிய குழாய் என்றால் மிசின் ஓடும்போது ஒவ்வொரு பொருத்திலும் சவர்க்கார நுரை தடவுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் நுரை உள்ளே இழுபடும். அந்த இடத்தில் பிசைந்த களிமண்ணை அப்பிப் பாருங்கள். தண்ணீர் நின்று பிடித்தால் இடம் உறுதி. களிமண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள்!

நீர்மட்டம் 25 அடிக்குக் கீழே போனால் எந்தப் பொருத்தும் உதவாது. சிலர் மிசினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குகிறார்கள். அந்தப் புகையில் மணமற்ற நச்சுவாயு உண்டு. அதனால் இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் இறந்திருக்கிறார்கள்.

இரண்டு அங்குல நடுத்தரக் குழாய் 20 அடி ஏறத்தாழ 30 கிலோ; தண்ணீரோடு 43. கிணற்றில் இறக்கும்போது சொக்கற்றின் கீழே கயிறு போட்டு இருவர் பிடியுங்கள். இயலுமானால் 20 அடியைப் பாதியாக வெட்டி, நடுவில் யூனியன் போடுங்கள். 20 அடிக் குழாயைச் சைக்கிளில் கொண்டுபோக முடியாமல் கிணற்றோடு விட்டுவந்த பலர் எம்மிடையே உண்டு. பத்தடித் துண்டு என்றால் சைக்கிளின் பக்கத்தில் கட்டிவிடலாம். கட்ட முன் மரையில் கிறீஸ் தடவிச் சீலை சுற்றிக்கொள்ளுங்கள். வழியில் அடிபட்டு நசுங்குவது அதுதான்.