கிழநாய்க்குக் கசாயம் காய்ச்சுமுன்

வயதான நாய்க்கு மூலிகை கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் ‘மூலிகைதானே, பலிக்காவிட்டாலும் கெடுதல் இல்லை’ என்று அதற்குச் சொல்லப்படும் காரணத்தை ஏற்க முடியாது. மூட்டு வீக்கத்தைக் குறைக்கிற சக்தி ஒரு கிழங்குக்கோ பிசினுக்கோ உண்டென்றால், அளவு தப்பும்போது உடம்பைக் கெடுக்கிற சக்தியும் அதற்கு உண்டு. எந்தக் கெடுதலும் செய்யாதது எந்த வேலையும் செய்யாத பொருள்தான். அதைக் காசு கொடுத்து வாங்குவானேன்? கிழநாயின் சிறுநீரகம் பாதிக்குமேல் ஓய்ந்திருந்தாலும் வெளியில் தெரியாது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறத் தொடங்கும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு போயிருக்கும். இளம் நாய் தாங்கிக்கொண்ட அளவை அதே நாய் பத்து வயதில் தாங்கும் என்று எதை நம்பிச் சொல்வது?

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே உள்ள மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில் நாய் வளர்ப்பவருக்கு மூலிகை வைத்தியம் பெரும்பாலும் மாட்டுத் தொழுவத்திலிருந்துதான் வருகிறது. அந்த வைத்தியம் இளக்காரமானதல்ல. தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி வகுத்த முறைகளைத் தேசிய பால்வள வாரியமே நாடெங்கும் எடுத்துச் சென்றிருக்கிறது. சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடிநோய்க்குப் பூசுவது இன்று பல பால் சங்கங்களில் சாதாரணம். அது மாட்டுக்கு, மேலே பூச, சில நாள்களுக்கு என்று அளந்து சொன்ன முறை. அதை நாய்க்கு மாற்றும்போது மூன்றுமே மாறிவிடுகின்றன. பூசிய கற்றாழையை நாய் நக்கும்; தோலடியில் உள்ள மஞ்சள் பால் அதற்குப் பேதியாகும். அதைவிடப் பெரிய ஆபத்து பூண்டும் வெங்காயமும். மாட்டுக்கான உருண்டைகள் பலவற்றில் இவை சேரும். நாயின் சிவப்பணுக்களை இவை உடைத்துச் சோகையில் தள்ளும். சிறிய அளவும் நாள்தோறும் சேர்ந்தால் பெரிய அளவுதான். முந்நூறு கிலோ மாட்டுக்கு இரண்டு மூன்று வேளை கொடுப்பதும், இருபது கிலோ நாய்க்கு மாதக்கணக்கில் சோற்றில் பிசைந்து போடுவதும் ஒன்றாகுமா? நம் பக்கத்து நாய்களில் பாதிக்கு உண்ணிக் கடி வேறு உண்டு; உண்ணிக் காய்ச்சலால் ஏற்கெனவே ரத்தம் குன்றிய நாய்க்கு ‘உண்ணி ஓடட்டும்’ என்று பூண்டு கொடுப்பதைப் போன்ற விபரீதம் வேறில்லை.

மனிதர்களுக்கான மருந்துக்கும் இதே விதிதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அரிஷ்டங்களில் புளிப்பேறி உண்டான சாராயம் இருக்கிறது. சிலவற்றில் உலர்திராட்சையும் சேரும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியது. சர்க்கரை இல்லாத சிரப் என்றால் அதில் நாய்க்கு விஷமான சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு சொட்டும் கூடாது. கலப்படக் கவலையும் வெறும் வதந்தி இல்லை: 2004இல் வெளியான ஆய்வின்படி, அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது.

அப்படியென்றால் எது பயன்படும்? மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். 2003இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் மூட்டுத் தேய்ந்த 61 நாய்களுக்கு மஞ்சள் சாற்று மருந்தையும் வெற்று மாத்திரையையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கால் ஊன்றும் அழுத்தத்தைக் கருவியால் அளந்தபோது வித்தியாசம் இல்லை. மருத்துவர்களின் மதிப்பீட்டில் மட்டும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. சல்லகி என்ற பெயரில் மாத்திரையாக விற்கும் மரப்பிசினுக்கு 2004இல் வெளியான சுவிட்சர்லாந்துச் சோதனை இன்னும் நம்பிக்கை தருகிறது. இரண்டு வாரத்திலேயே 24 நாய்களில் 17 தேறின. ஆனால் அங்கே ஒப்பிட வெற்று மாத்திரைக் குழு கிடையாது. பிரண்டை முறிந்த எலும்பு கூடுவதற்குத் துணை செய்யலாம் என்று நாய்களிலேயே பார்த்த இந்திய ஆய்வு உண்டு. முறிவு வேறு, தேய்மானம் வேறு. மஞ்சளோடு மிளகு சேர்த்தால் நன்றாக உறிஞ்சும் என்பது உண்மை. பெங்களூரில் 1998இல் மனிதர்களிடம் 20 மடங்கு என்று கண்டார்கள். அதே மிளகு வேறு சில மருந்துகளையும் கூடுதலாக உறிஞ்ச வைக்கும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

‘ஆய்வு கிடக்கட்டும், என் நாய் நன்றாக நடக்கிறதே’ என்பார்கள். இதுதான் வலுவான மறுப்பு. இதற்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வெற்று மாத்திரை மட்டுமே பெற்ற 58 நாய்களைப் பற்றியது. வளர்ப்பவர்கள் பத்தில் நான்கு தடவை போலத் ‘தேறியிருக்கிறது’ என்றார்கள். மருத்துவர்களின் கண்ணும் அதே அளவுக்கு ஏமாந்தது. நாய் பொய் சொல்லவில்லை, அதன் மேல் நாம் வைத்த ஆசைதான் சொல்கிறது. மூட்டு வலி ஒரு வாரம் கூடி ஒரு வாரம் குறைவது. கூடிய வாரத்தில் மருந்து தொடங்கினால் அடுத்த வாரம் மருந்துக்கே பெயர் கிடைக்கும். ஆகவே தொடங்குமுன் நாய் எழுந்து நடப்பதையும் அதே படி ஏறுவதையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில். ஒரு சமயத்தில் ஒரே மூலிகை. ஆறு வாரத்தில் படத்தில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். நாலைந்தைச் சேர்த்துக் கொடுத்தால் எது உதவியது, எது வாந்தி எடுக்க வைத்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

‘இங்கிலீஷ் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதற்கு இது மேல்’ என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மெலாக்சிகாம் போன்ற வலி மருந்துகளுக்குப் பக்க விளைவு உண்டு. ஆனால் அந்த விளைவு தெரிந்திருப்பதால்தான் எடைக்கு அளவு கணக்கிட்டு, ரத்தம் பார்த்துக் கொடுக்கிறார்கள். வலியில் கிடக்கிற நாய்க்கு அதை மறுத்து மூன்று மாதம் கசாயம் ஊற்றுவது இரக்கம் ஆகாது. நமக்கு வாங்கிய பாராசிட்டமாலையோ இபுபுரூஃபெனையோ கொடுப்பது அதைவிட மோசம்.

கிழநாய்க்கு எந்த வேரையும்விட உறுதியான சான்று உள்ளது தட்டில் குறையும் சோற்றுக்குத்தான். 48 லாப்ரடார் நாய்களை ஜோடியாகப் பிரித்து ஆயுள் முழுதும் கவனித்த அமெரிக்க ஆய்வில், ஜோடி நாயைவிடக் கால் பங்கு குறைவாகத் தின்றவை 13 ஆண்டும், மற்றவை 11.2 ஆண்டும் இடைநிலை ஆயுள் பெற்றன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நாயைத் தூக்கிக்கொண்டு ரைஸ் மில் தராசில் ஏறி, நம் எடையைக் கழித்தால் கணக்கு வந்துவிடும். இதற்கு மருந்துக் கடையே வேண்டாம்.

உள்ளூர் கால்நடை மருந்தகத்துக்குப் போனாலும் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், கொடுக்கிற பொடி, கசாயம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சை என்றால் முன்கூட்டியே காட்டுங்கள். மஞ்சள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். ‘மூலிகைதானே’ என்று அந்தத் தாளில் எதையும் விட்டுவிடாதீர்கள்.