டிராக்டர் டயர் நீண்ட நாள் உழைக்க...

டிராக்டர் வைத்திருப்பவர்கள் என்ஜின் ஆயிலை நாள் தவறாமல் பார்க்கின்றனர். டீசல் பில்டரைக் காலத்தில் மாற்றுகின்றனர். ஆனால் டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்பவர்கள் குறைவு. காலால் ஓர் உதை உதைத்து, "காற்று இருக்கிறது" என்று திருப்தியடைவதே பெரும்பாலும் வழக்கம். பின் டயர் ஒரு ஜோடி வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். கடன் வாங்கி டிராக்டர் எடுத்த சிறு விவசாயிக்கு அது ஒரு போகத்தின் லாபத்தையே விழுங்கிவிடும். சரியான காற்று, சரியான எடை, சிறிது கவனம் ஆகிய மூன்றும் இருந்தால் இந்தச் செலவைப் பல காலம் தள்ளிப்போடலாம்.

சொந்த டிராக்டர் இல்லாதவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயமே. மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து உழும்போது, டயர் வழுக்கிச் சுற்றும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்க நேரிடுகிறது.

டயரில் உள்ள எண்கள்

டயரின் பக்கவாட்டில் 13.6-28 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 13.6 அங்குலம், ரிம்மின் விட்டம் 28 அங்குலம் என்று பொருள். முன் டயரில் 6.00-16 என்பது போல இருக்கும். பல டயர்களில் நான்கு இலக்க எண் ஒன்றும் காணப்படும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. புதிய டயர் வாங்கும்போது இதைப் பார்க்க வேண்டும். கடையில் பல ஆண்டு கிடந்த டயரில் ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

காற்று எவ்வளவு?

பின் டயருக்கு வயல் வேலையின்போது பொதுவாக 12 முதல் 14 பவுண்டு காற்று போதும். டிரெய்லரில் பாரம் ஏற்றித் தார்ச் சாலையில் செல்லும்போது 16 முதல் 20 பவுண்டு வரை தேவைப்படும். முன் டயருக்கு இதைவிடக் கூடுதலாக, 24 பவுண்டுக்குக் குறையாமல் வேண்டும். டயரின் அளவுக்கும் பாரத்துக்கும் ஏற்ப இது மாறும். எனவே டிராக்டருடன் தரும் கையேட்டில் உள்ள அளவையே இறுதியாகக் கொள்ள வேண்டும். டிரெய்லர் டயர்களுக்கு அளவு வேறு. டிராக்டர் டயரின் அளவை அதற்குப் பிடிக்கக் கூடாது.

காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். இதனால் சூடு ஏறி உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் அறுந்துபோகும். பாரம் இழுக்கும்போது ரிம் மட்டும் சுற்றி, டயர் பின்தங்கும். டியூபின் வால்வு பிய்ந்துவிடும். காற்று அதிகமானால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் படும். நடுவில் உள்ள பட்டன் (மேடாக எழும்பி நிற்கும் ரப்பர் பட்டை) விரைவில் தேயும். வயலில் பிடிப்புக் குறைந்து வழுக்கும். மண்ணும் ஆழமாக அழுந்தி இறுகும்.

காற்றை வாரம் ஒருமுறை, காலையில் வண்டியை எடுக்கும் முன் அளக்க வேண்டும். ஓடிவந்த டயரில் சூட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றைத் திறந்துவிடக் கூடாது. வால்வு மூடி தொலைந்திருந்தால் உடனே வாங்கிப் போட வேண்டும். மூடியில்லாத வால்வில் சேறும் மணலும் புகுந்து காற்று கசியும்.

டயர் வழுக்குவதை அளப்பது எப்படி?

பின் டயரில் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் இட வேண்டும். உழ வேண்டிய வயலிலேயே கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் 10 சுற்று சுற்றும் வரை ஓட்டி, சென்ற தூரத்தை அளக்க வேண்டும். பிறகு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே 10 சுற்று ஓட்டி, அந்தத் தூரத்தையும் அளக்க வேண்டும். முதல் தூரம் 40 மீட்டர், இரண்டாவது 34 மீட்டர் என்றால் வித்தியாசம் 6 மீட்டர். அதாவது 15 சதவிகிதம் வழுக்கல். 10 முதல் 15 சதவிகிதம் வரை வழுக்குவது இயல்பு. இரண்டாவது தூரம் 28 மீட்டர்தான் என்றால் வழுக்கல் 30 சதவிகிதம் ஆகிறது. 15 சதவிகித வழுக்கலில் ஒரு மணியில் முடியும் உழவு, இப்போது முடிய ஏறக்குறைய 73 நிமிடம் பிடிக்கும். அந்த 13 நிமிடத்துக்கான டீசலும் வாடகையும் வீண். பட்டனும் வீணாகத் தேய்கிறது.

வழுக்கல் அதிகமாக இருந்தால் முதலில் காற்றைச் சரிபார்க்க வேண்டும். அடுத்து உழவின் ஆழத்தைச் சற்றுக் குறைத்துப் பார்க்கலாம். அதற்கும் சரிப்படவில்லையென்றால் பின் சக்கரத்துக்கு எடை கூட்ட வேண்டும். இரும்பு எடைகளை மாட்டலாம், அல்லது டயருக்குள் தண்ணீர் நிரப்பலாம். தண்ணீர் நிரப்பும்போது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சியில் நிற்குமாறு வைத்து, வால்வு மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு மட்டுமே நிரப்ப வேண்டும். மீதி இடத்தில் காற்று இருந்தால்தான் டயர் அதிர்ச்சியைத் தாங்கும். உழவு முடிந்து மாதக்கணக்கில் பாரம் இழுக்கும் வேலை மட்டும் என்றால் இந்தத் தண்ணீரை எடுத்துவிடுவது நல்லது. வீண் எடையைச் சுமந்து ஓடினால் டீசலும் டயரும்தான் தேயும்.

தேய்மானம் சொல்லும் சேதி

நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு, அல்லது பாரம் அதிகம். முன் டயர் ஒரே பக்கமாகத் தேய்ந்தாலோ, கையால் தடவும்போது அரம் போல் சொரசொரப்பாக இருந்தாலோ, முன் சக்கரங்களின் நேர்நிலை கெட்டுவிட்டது என்று அறியலாம். மெக்கானிக்கிடம் காட்டி உடனே சரிசெய்ய வேண்டும். பின் டயரின் பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி, வண்டி முன்னோக்கிச் செல்லும்போது சக்கரம் சுற்றும் திசையைக் காட்ட வேண்டும். மாற்றிப் பூட்டினால் சேறு உதிராமல் பட்டன் இடுக்குகளில் அப்பிக்கொள்ளும், இழுவை குறையும்.

அன்றாடக் கவனம்

டயர் அதிகம் தேய்வது வயலில் அல்ல, தார்ச் சாலையில்தான். பாரத்துடன் வேகமாகச் செல்வதும், திடீரென்று பிரேக் போடுவதும், ஒற்றைப் பிரேக்கை மிதித்துச் சாலையில் திரும்புவதும் பட்டனைச் சீவி எடுத்துவிடும். சாலையில் இரண்டு பிரேக்குகளையும் கொக்கியால் இணைத்தே ஓட்ட வேண்டும். இது டயருக்கு மட்டுமல்ல, உயிருக்கும் பாதுகாப்பு.

கரும்புக் கட்டை, சாய்வாக வெட்டிய பருத்திமார்த் தூர் ஆகியவை உள்ள வயலில் மெதுவாக ஓட்ட வேண்டும். சீமைக் கருவேல் முள் ஏறியிருந்தால் அன்றே பிடுங்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் உள்ளே நகர்ந்து டியூபைத் துளைக்கும். டீசல், ஆயில், கிரீஸ் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும்; சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். வேலையில்லாத காலத்தில் டிராக்டரை நிழலில் நிறுத்த வேண்டும். நெடுநாள் நிற்பதானால் அச்சின் கீழ் மரக்கட்டை கொடுத்து, டயர் தரையில் படாமல் தூக்கி வைப்பது நல்லது.

பஞ்சர் ஒட்டிக் காற்றடிக்கும்போது டயருக்கு நேர் எதிரே நிற்கவோ குனிந்து பார்க்கவோ கூடாது. பக்கவாட்டில் ஒதுங்கி நிற்க வேண்டும். டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரவில்லை என்று 35 பவுண்டுக்கு மேல் காற்றடிப்பது ஆபத்து. காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி மீண்டும் முயல வேண்டும். வளையம் போட்டு மூடும் ரிம் உள்ள டிரெய்லர் சக்கரங்களில் அந்த வளையம் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

பக்கச்சுவர் கெடாமல் பட்டன் மட்டும் தேய்ந்த டயரை ரீட்ரெடிங் செய்து மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் நூல் வெளியே தெரியும் வரை ஓட்டிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

காற்று அளக்கும் கருவியின் விலை ஒரு பஞ்சர் ஒட்டும் செலவைவிட அதிகம் இல்லை. அதை ஒன்று வாங்கி டூல் பெட்டியில் போட்டுவைத்து, வாரம் ஒருநாள் ஐந்து நிமிடம் ஒதுக்கினால், டயரும் மிச்சம், டீசலும் மிச்சம்.