வந்த வழியே ஒளியைத் திருப்பும் உடை

சில கணிப்பொறி விளையாட்டுகளை உருவாக்கும்போது, நடிகர் கையை உயர்த்தினால் திரையில் தோன்றும் வீரனும் கையை உயர்த்துவான். இதற்கென ஒரு தனி உடை உண்டு. அது பளபளப்பற்றது, உடலோடு ஒட்டியிருக்கும். மூட்டுகளின் அருகே சிறு பந்துகள் பதிக்கப்பட்டிருக்கும்.

காமிராவைச் சுற்றியுள்ள விளக்குகள் அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. அவ்வொளி வந்த வழியே திரும்பினால்தான் காமிராவை அடையும். சமதள ஆடி இதற்கு உதவுமா? உதவாது. செங்குத்தாக விழும் கதிரை மட்டுமே அது வந்த வழியே அனுப்பும். உடல் சற்றுத் திரும்பினாலும் கதிர் வேறு திசையில் சென்றுவிடும்.

ஆகவே, பந்துகளின் மேல் நுண்ணிய கண்ணாடி மணிகள் ஒட்டப்படுகின்றன. மணிக்குள் நுழையும் கதிர் விலகலடைந்து, பின்புற உலோகப் பூச்சின்மேல் குவிகிறது. அங்கு எதிரொளித்து, மீண்டும் விலகலடைந்து, வந்த திசைக்கு இணையாக வெளியேறுகிறது. சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. அத்தகைய மணியில் ஒளி பின்புறப் பரப்பைத் தாண்டியே குவியும். எனவே, ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.9 உள்ள கண்ணாடி பயன்படுகிறது.

ஒரே பந்தை இரண்டு காமிராக்களேனும் கண்டால், கோணங்களைக் கொண்டு அதன் இடத்தைக் கணிப்பொறி கணக்கிடும். உடை தொளதொளவென்று இருந்தால் பந்து இடம் பெயரும்; கணக்கும் பிழையாகும்.

செய்து பாருங்கள்: இருட்டறையில், எதிரொளிப்புப் பட்டையுள்ள புத்தகப் பையைத் தொலைவில் வையுங்கள். டார்ச் விளக்கைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். பிறகு கையை நீட்டி விளக்கை விலக்கிப் பிடியுங்கள். பட்டை மங்குவது ஏன்?