அலாரச் சத்தத்தில் மயங்கி விழுவது வலிப்பா?

கேள்வி: காலையில் அலாரம் அடித்ததும் உறவுக்காரப் பெண் மயங்கி விழுந்து கை கால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்றார்கள். இப்போது இதயக் கோளாறாக இருக்கலாம் என்கிறார்கள். அது எப்படி?

பதில்: இருக்கலாம். இதயச் செல்களின் சவ்வில் அயனிகள் போய்வரப் புரத வாயில்கள் உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் பொட்டாசியம் வெளியேறினால்தான் செல் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். அந்த வாயில் பழுதானால் இசிஜியில் க்யூடி இடைவெளி நீளும். திடீர் அதிர்ச்சியில் இதயம் தாறுமாறாகத் துடிக்க, மூளைக்கு ரத்தம் குறைந்து வெட்டி இழுக்கும். கேசிஎன்கியூ1 மரபணு பழுதானவர்களுக்கு நீச்சல் ஆபத்து. கேசிஎன்எச்2 பழுதானவர்களுக்கு அலாரமும் தொலைபேசி மணியும்.

நார்வே மருத்துவர்கள் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் 1957-இல் விவரித்த குடும்பம் மனதைப் பிசைவது. 6 பிள்ளைகளில் நால்வருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அடிக்கடி மயக்கம் வரும். மூவர் சிறுவயதிலேயே திடீரென இறந்தார்கள். உள்காதும் அதே பொட்டாசியம் வாயிலை நம்பியிருப்பது பின்னாளில்தான் தெரிந்தது.

மூளைச் செல்களிலும் இதே கதைதான். எஸ்சிஎன்1ஏ மரபணுவில் பழுதுள்ள டிராவே நோயில், முதல் வயதிலேயே காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வருகிறது. மூளையை அடக்கிவைக்கும் செல்களின் சோடியம் வாயில்கள்தான் இங்கே நலிந்திருக்கின்றன. அதனால், சோடியம் வாயிலை அடைக்கும் கார்பமசெபின் போன்ற வழக்கமான வலிப்பு மாத்திரைகள் வலிப்பைக் கூட்டிவிடக்கூடும்.

அந்தப் பெண்ணுக்கு உடனே இசிஜி எடுக்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தால், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். க்யூடி நீட்சி உறுதியானால் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் பலரைக் காப்பாற்றுகின்றன.