யோகாசனம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

இறுதியாண்டு ஆய்வேடு எழுதிய நாட்களில் விடுதி அறையின் நாற்காலியைவிடக் கட்டிலே எனக்கு வசதியாக இருந்தது. மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை தட்டச்சு செய்வேன். இடுப்பு வலித்தது. தைலம் தேய்த்துப் பார்த்தேன். பிறகு யாரிடமும் கேட்காமல், ஒரு காணொளியைப் பார்த்துப் பச்சிமோத்தானாசனத்தில் இறங்கினேன். கால்களை நீட்டி உட்கார்ந்து, முன்னால் குனிந்து, கால்விரல்களைப் பிடிக்கும் ஆசனம் அது. காணொளியில் வந்தவர் நெற்றியையே முழங்காலில் வைத்துவிட்டார். நான் மட்டும் விடுவேனா? அறைத்தோழனை என் முதுகில் கைவைத்து அழுத்தச் சொன்னேன். மறுநாள் காலணி வாரைக் கட்டக்கூடக் குனிய முடியவில்லை. ஆய்வேட்டின் கடைசி இயலைப் பாதி படுத்துக்கொண்டேதான் எழுதினேன்.

குணமான பிறகு, கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் போனேன். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். "முழங்கால மடக்கிக்கிட்டுச் செய்ங்க தம்பி" என்றார். அவ்வளவுதான் பாடம்!

காரணம் எளிது. நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் நம்மில் பலருக்குப் பின்தொடைத் தசைகள் இறுகியிருக்கும். அவை இடுப்பெலும்பின் அடியில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகின்றன. காலை விறைப்பாக நீட்டிக் குனிந்தால், அவை இடுப்பெலும்பை முன்னே சாய விடாமல் பிடித்துக்கொள்கின்றன. மடங்க வேண்டிய இடுப்பு மூட்டு மடங்காததால், கீழ்முதுகு அளவுக்கு மீறி வளைகிறது. முழங்காலைச் சற்றே மடக்கினால் அந்தப் பிடி தளரும். மடித்த போர்வையின் மேல் உட்கார்ந்தால் இன்னும் எளிது. விரலைத் தொடுவது நோக்கமே அல்ல.

ஆசிரியர் எனக்கு அதை முதலில் தரவில்லை. முதல் வாரம் தாடாசனம் மட்டுமே. வெறுமனே நிற்பதற்கு ஒரு வகுப்பா என்று நினைத்தேன். இரு பாதங்களிலும் எடையைச் சமமாக ஊன்றித் தோள்களைத் தளர்த்தி நின்றபோதுதான், நான் எப்போதும் வலக்காலில் சாய்ந்தே நிற்பது தெரிந்தது. அடுத்தது ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம். தூக்கிய பாதத்தைத் தொடையின் உட்புறத்திலோ கெண்டைக்காலிலோ வைக்கலாம்; முழங்கால் மூட்டின் மேல் வைத்து அழுத்தக் கூடாது. சுவர் ஓரமாக நிற்பதில் வெட்கம் வேண்டாம்.

நம்மைப் போன்ற கூன்முதுகுக்காரர்களுக்குப் புஜங்காசனம் நல்லது. குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்பின் இருபுறமும் ஊன்றி, மூச்சை இழுத்தபடி மார்பைத் தூக்க வேண்டும். கைகளால் தள்ளி எழும்புவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஒரு கணம் உள்ளங்கைகளைத் தரையிலிருந்து எடுத்துப் பாருங்கள். முதுகுத் தசை தூக்கும் உயரம் எதுவோ, இன்றைக்கு அதுவே உங்கள் உயரம். மூச்சை விட்டபடி இறங்குங்கள். எந்த ஆசனத்திலும் மூச்சுத் திணறினால் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று பொருள்.

முடிவில் சவாசனம். தூங்குவதற்குச் சாக்கு என்று அறைத்தோழன் கிண்டல் செய்வான். ஆனால் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை விளக்கும் 15 ஆசனங்களில் இதுவும் ஒன்று. நின்று செய்யும் ஆசனம் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை என்பதும் வியப்புத்தான். தமிழில் தேட விரும்புவோர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தைப் புரட்டலாம். அட்டாங்க யோகம் அங்கே பேசப்படுகிறது.

வயிறு நிறைய நாசி லெமாக் சாப்பிட்டிருந்தால் மூன்று மணி நேரமாவது பொறுங்கள். முதுகுத்தண்டுக் கோளாறோ உயர் இரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். சிரசாசனத்தை ஆசிரியர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

இப்போது தினமும் 20 நிமிடம் செய்கிறேன். முழங்கால் இன்னும் மடங்கித்தான் இருக்கிறது. காலணி வாரை நானே கட்டிக்கொள்கிறேன்.