ஒன்றரை ஷிப்ட்

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிறு பந்தியில் சொன்னாயே, "இந்திக்காரப் பசங்க வந்துதான் திருப்பூர்ல கூலி ஏறமாட்டேங்குது" என்று. சாப்பிடுகிற இடத்தில் வாதம் எதற்கென்று விட்டுவிட்டேன். இப்போது பென்சிலை எடு.

பனியன் கம்பெனியில் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்குப் போய் இரவு ஒன்பதுவாக்கில் வருகிறவருக்கு ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம். ஆறு நாளுக்கு ஒன்பது ஷிப்ட். சனிக்கிழமை கைக்கு வருவது அந்த ஒன்பதுக்கான பணம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமோ, வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டைக் கூலி என்றது. புதிய சட்டத் தொகுப்பிலும் இரட்டைதான். 72 மணியில் மிகை 24, இரட்டித்தால் 48. ஆக, வரவேண்டியது 12 ஷிப்ட் கூலி. மூன்று ஷிப்டை 'ஒன்றரை' என்ற சொல்லே விழுங்கிவிடுகிறது. உதவிப் பையனாகக் கைமடிக்கப் போன வயசிலிருந்து நானும் அதைக் கூசாமல் சொல்லிவந்தவன்தான்.

அந்தச் சொல் ரயிலேறி வந்ததல்ல. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. பின்வந்த வருடங்களில் வேலை சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கும், கான்ட்ராக்டுக்கும், பீஸ் ரேட்டுக்கும் போனது. அப்போது மிஷினில் வந்து உட்கார்ந்தவர்கள் தேனி, மதுரைப் பக்கத்து ஆட்கள். அவர்களையும் இதே வாயால்தான் ஏசினோம்.

உன் அத்தை செக்கிங் போகிறாள். சொந்த வீடு, ரேஷன் அரிசி. எட்டு மணி நேரம் ஆனதும் "மாடு கறக்கோணும்" என்று எழுந்து வந்துவிடுவாள். அதே டேபிளில் நிற்கும் ஒடிசாப் பையனால் (அவன் பேசுவது ஒடியா, இந்தி அல்ல, இருக்கட்டும்) எழ முடியாது. ரூம் கம்பெனியுடையது, மெஸ் பாக்கி ஏஜெண்டிடம். ரேஷன் அட்டையை எந்த மாநிலத்திலும் காட்டலாம் என்ற திட்டம் 2020 அக்டோபரில் இங்கேயும் வந்தது. ஆனால் அந்த அட்டைக்கான அரிசி முழுவதையும் ஊரில் அவன் அம்மா வாங்கிக்கொள்கிறாள். வேலையை விட்டால் அன்றிரவே படுக்க இடமில்லை. மலிவான கையைவிட, எழுந்து போகமுடியாத கைக்குத்தான் இங்கே கிராக்கி.

அடுத்த சனிக்கிழமை வா. அந்தப் பையன் ஷிப்ட் குறித்துவைக்கும் நாற்பது பக்க நோட்டைக் காட்டச் சொல்கிறேன். பக்கம் பக்கமாக 1½, 1½ என்றே போகும். நடுவில் ஒரு நாள் மட்டும் பூஜ்யம். காய்ச்சலாம்.

உன் மாமா